புதுவைத் திருக்கோவில்களும் அவற்றின் சுவர்களும்

கோவிலால் ஊர் சிறந்தது என்பதைக் கோவிலூர் என்னும் பெயரே உணர்த்தும். கொற்றவாளீசுவரர் திருக்கோவிலையும் அதனைச் சார்ந்த மடத்தையும் கண்டு பழகிய செட்டிநாட்டு மாணவர், எந்தக் கோவிலைக் காணினும் இதனைக் கட்டினோர் யாவர், எக்காலத்தவர், எவ்வாறு கட்டினர் என வினவுதல் இயல்பேயாம். அவ்வினாக்களையே புதுச்சேரி நகரத்துக் கத்தோலிக்கத் தேவாலயங்களின்மேற் செலுத்திப் பார்க்க ஈண்டு முயல்கின்றோம். நடந்தே சென்று காணத்தக்க தொலைவில் அங்கே மூன்று பெருங்கோவில்கள் நிற்கின்றன. ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டினது. ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டினது. மற்றொன்று இருபதாம் நூற்றாண்டினது. மூன்றனையும் முறையே நோக்குவார்க்குக் கட்டடக் கலையின் வரலாற்றோடு மக்களின் மனவரலாறும் விளங்கும்.

இவற்றுள் மூத்தது அமலோற்பவ அன்னை பேராலயம். இதனைப் பொதுமக்கள் சம்பாக் கோவில் என வழங்குவர். பவுல் என்னும் திருத்தொண்டரின் பெயர் போர்த்துக்கேசிய மொழியில் சான் பாவுலோ என ஒலித்து, நம் நாவிற் சம்பா எனத் திரிந்தது என்பர். இயேசு சபையார் இங்கே 1692-ஆம் ஆண்டளவில் முதற்கோவிலை எழுப்பினர். மறு ஆண்டே டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர்; அக்கோவில் நிலைக்கவில்லை. நகரம் பிரெஞ்சுக்காரரிடம் மீண்ட பின்னர் எழுந்த பெருங்கோவிலோ, 1761-ஆம் ஆண்டு சனவரியில் லாலி என்னும் தளபதி ஆங்கிலேயரிடம் பணிந்தபின், நகரத்தின் ஏனைக் கட்டடங்களோடு தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் காணும் பேராலயம் நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபின் தொடங்கப்பெற்று, 1791-இல் நிறைவுற்றது. இதற்கிடையில் 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டமையால், பாரிஸ் நகரத்து அயல்நாட்டு வேதபோதக சபையார் 1776-இல் இப்பணியை ஏற்றனர். இதன் முகப்பு இரண்டு அடுக்குகளை உடையது. தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கும். கீழடுக்கில் எளிய டோரிக் முறையும், மேலடுக்கில் சுருள்தலை கொண்ட ஐயோனிக் முறையும் அமைந்துள்ளன.

இரண்டாவது, கடற்கரைக்கு அருகே நிற்கும் சம்மனசுகளின் அன்னை ஆலயம். ஐரோப்பியரின் ஆன்ம நலனைப் பேணிய கப்புச்சீன் துறவிகளின் பழைய கோவிலுக்கு ஈடாக, லூயி கேர் என்னும் பொறியாளர் கிரேக்க உரோமானிய முறையைத் தழுவி எழுப்பிய இது 1855-இல் முடிவுற்றது. இரு சதுர மணிக்கூண்டுகளும் கவிகை மாடமும் இதற்கு அழகு செய்வன. இதன் உட்சுவர் சலவைக்கல்லோ என ஐயுறும்படி பளபளக்கும். ஆயினும் அது கல்லன்று. நீற்றிய சுண்ணாம்போடு முட்டையின் வெண்கரு சேர்த்துப் பூசித் தேய்த்த பூச்சேயாம். செட்டிநாட்டு வளவு வீடுகளின் சுவரைக் கைதொட்டுப் பார்த்தோர்க்கு இது புதிதன்று. வடிவம் கடல் கடந்து வந்தது; அதற்கு மேனி தந்தது நம் கொத்தர் அறிந்த சுண்ணமே.

மூன்றாவது, இரயில் நிலையத்துக்கு அண்மையிலுள்ள திரு இருதய ஆலயம். 1902-இல் தொடங்கி 1907-இல் அருட்பொழிவு பெற்ற இது, 2011-இல் பசிலிக்கா என்னும் சிறப்பெய்தியது. இது கோதிக் முறையில் அமைந்தது. அரைவட்ட வளைவு தன்மேல் ஏறிய பாரத்தைப் பக்கங்களில் மிகுதியாகத் தள்ளும். ஆதலின் அதனைத் தாங்கும் சுவர் தடித்திருத்தல் வேண்டும். கூர்நுனி வளைவோ அப்பாரத்தைப் பெரிதும் கீழ்நோக்கியே இறக்கும். அதனால் தூண்கள் மெலிந்தும், கூரை உயர்ந்தும், சுவரிற் பெருஞ்சாளரங்கள் திறந்தும் நிற்றல் கூடுவதாயிற்று. அச்சாளரங்களிற் புனிதர் உருவங்கள் வண்ணக் கண்ணாடியில் ஒளிர்கின்றன.

இனி, இக்கோவில்களைக் கட்டினோர் எழுப்பிய சுவர்களோடு, இடித்த சுவர்களையும் கூறுதல் கடமையாகும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு இதற்குச் சான்றாகும். அக்காலத்துச் சம்பாக் கோவிலின் உள்ளே, தீண்டத்தகாதவர் எனத் தள்ளப்பட்ட கிறிஸ்தவரைப் பிறரினின்று பிரிக்க ஒரு சுவர் நின்றது. 1745-ஆம் ஆண்டில் அம்மக்கள் ஒன்றுகூடிக் குருவிடம் சென்று, யாமும் உம்முடைய சீடரே எனின் எம்மை ஏன் இவ்வாறு பிரித்தல் வேண்டும் என முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. தம்மை உயர்குலத்தோர் எனக் கருதினோர் அதனைப் பொறாது கொதித்தெழுந்தனர். ஒரு கட்டடத்தின் வரலாற்றில் இடித்தலே அறமாகிய வேளையும் உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாம்.

ஆனால் எல்லா இடிப்பும் அறமாகாது. 1748-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நாளில், சம்பாக் கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் பிரெஞ்சு ஆட்சியின் ஆணையால் இடிக்கப்பட்டது. அதனை நெடுங்காலம் விரும்பியிருந்தோர் இயேசு சபைக் குருமாரே. இதனையும் பிள்ளையவர்கள் துயரத்தோடு எழுதிவைத்துள்ளார். அயலார் வழிபட்ட சுவர் வீழ்ந்து பதின்மூன்று ஆண்டு நிறைவதற்குள் இவர்தம் சுவரும் வேற்றார் கையால் வீழ்ந்தது. இதனைத் தெய்வ தண்டனை எனக் கூற யாம் துணியோம். படைவலியைத் துணைக்கொண்டு பெற்ற இடம் படைவலியாலேயே இழக்கப்படும் என்னும் உலகியலை மட்டும் சுட்டுகின்றோம். வேதபுரீசுவரர் கோவில் பின்னர் வேறோரிடத்தில் எழுந்து இன்றும் வழிபாடு பெறுகின்றது.

சாதிச் சுவர் ஒருமுறை வீழ்ந்ததோடு ஒழிந்ததோ எனின், இல்லை. புதுவையில் வீழ்ந்த அதே எண்ணம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கோவிலின் வரைபடமாகவே பிறந்தது. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்குக் கூடம் ஒன்றன்று, இரண்டு. பலிபீடத்தினின்று இரு கால்கள்போலப் பிரிந்து செல்லும் அக்கூடங்களில், ஒன்றில் வேளாளரும் மற்றொன்றில் நாடார் முதலானோரும் அமர்வர். பீடத்தை இருசாராரும் காணலாம். ஒருவரையொருவர் காணல் இயலாது. இடைச்சுவர் 1910-இல் அகற்றப்பட்டது. அதனால் எழுந்த வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கட்டடக் கலை யார்க்குப் பணிசெய்கின்றதோ அவர் உள்ளத்தையே அது உருவாக்கிக் காட்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆதலின் புதுவைக்குச் செல்லும் மாணவ நண்பர்காள்! முகப்பின் தூண்களை எண்ணுங்கள். வளைவின் கூர்மையை நோக்குங்கள். சுண்ணப் பூச்சின் மெருகைப் பாராட்டுங்கள். அவை பாராட்டத் தக்கனவே. பின்னர்ச் சம்பாக் கோவிலின் உள்ளே சற்று நின்று, யார் யார் அருகே யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதையும் காணுங்கள். ஒரு காலத்திற் சுவரால் பிரிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களும் பிரித்தோரின் வழித்தோன்றல்களும் இன்று ஒரே கூரையின்கீழ் முழந்தாளிடுகின்றனர். அதனை ஈட்டித் தந்தவர் கட்டடம் வரைந்த பொறியாளர் அல்லர். 1745-இல் குருவின் வாயிலில் நின்று நியாயம் கேட்ட, பெயர் எழுதப்படாத அவ்வேழை மக்களே. கல்லிற் பொறித்த பெயர்களைப் படிப்போர் அவர்களையும் நினைவிற் கொள்வாராக.