பாடநூலும் பணியிடமும் பகிரும் சொற்கள்

ஆங்கிலம் கற்போர் முதலில் கற்க வேண்டிய சொற்கள் எவை என்னும் வினாவுக்கு, டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்ட மைக்கேல் வெஸ்ட், சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் வாயிலாக விடையளித்தார். ஆயினும், அன்றாடப் பேச்சுக்குப் போதுமான அச்சொற்கள் கல்லூரிப் பாடநூலைப் படிப்பதற்குப் போதுமானவையாக இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டு, நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்களைக் கொண்ட கல்விச் சொற்பட்டியலை 2000இல் வெளியிட்டார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்த தொகுதியாகும். 'அனலைஸ்' என்னும் வினையோடு 'அனாலிசிஸ்', 'அனலிஸ்ட்' ஆகிய பெயர்களும் ஒரே குடும்பமாக எண்ணப்படும். நான்கு துறைகளிலும் பரவலாக வழங்கும் குடும்பங்களே ஏற்கப்பட்டமையால், ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள், அவை எத்துணை இன்றியமையாதவையாயினும், இடம்பெறவில்லை. கல்விசார் நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நிரப்பும் இச்சொற்கள், புனைகதைகளில் நூற்றுக்கு இரண்டு கூட வருவதில்லை என்பதால், நாவல்களை மட்டும் படித்து இவற்றைக் கற்பது கடினமே. 'டேட்டா', 'இன்கம்', 'லேபர்', 'கான்ட்ராக்ட்' ஆகியவை இப்பட்டியலின் முதற்பிரிவிலேயே இருப்பதால், தேர்வுக்கெனப் பயின்ற மாணவர் பின்னாளில் பணி ஒப்பந்தத்தைப் படிக்கையிலும் அவற்றையே எதிர்கொள்கிறார்.