ஸ்பீக்கர் வயர்: தடிப்பும் நீளமும்

வீட்டு ஸ்டீரியோவில் அம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் வயருக்கு ஒரே வேலைதான். அம்பிளிபயர் தரும் மின்னோட்டத்தை வழியில் இழக்காமல் ஸ்பீக்கரின் சுருளுக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்பக் கொண்டுவரவும் வேண்டும். இந்தத் திரும்பும் பயணம் பலருக்கு நினைவில் வருவதில்லை. ஸ்பீக்கர் பத்து மீற்றர் தள்ளி இருந்தால் மின்னோட்டம் ஒரு கம்பியில் பத்து மீற்றர் போய், மறு கம்பியில் பத்து மீற்றர் திரும்புகிறது. ஆகவே கணக்கில் எடுக்க வேண்டிய செம்பின் நீளம் இருபது மீற்றர்.

அந்த மின்னோட்டம் சிறியதுமல்ல. வீட்டில் 230 வோல்ற்றில் எரியும் 40 வாற் மின்குமிழ் ஏறத்தாழ 0.17 அம்பியர் எடுக்கிறது. அதே 40 வாற்றை 8 ஓம் ஸ்பீக்கருக்குள் செலுத்த 2.2 அம்பியர் வேண்டும். அங்கே வோல்ற்றளவு 18 தான். வோல்ற் குறைந்து அம்பியர் கூடிய இடத்தில் வயரின் சிறு தடையும் பெரிதாகத் தெரியும். வன்னி மக்களுக்கு இது புதிய விடயமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் உலர் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர்கள் இவை. 12 வோல்ற் பற்றரியில் விளக்கு எரித்த வீடுகளில், பற்றரிக்குப் பக்கத்து மின்குமிழ் பளிச்சென்று எரிய, மெல்லிய வயர் இழுத்த கடைசி அறை மின்குமிழ் மங்கி எரியும். ஸ்பீக்கர் வயரில் நடப்பதும் இதே இழப்புத்தான்.

செம்புக் கம்பியின் தடையைத் தீர்மானிப்பவை நீளமும் குறுக்குவெட்டுப் பரப்பும். ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள செம்பு மீற்றருக்கு 0.017 ஓம் தடை தரும். பரப்பு இரட்டித்தால் தடை பாதியாகும். ஒலித்துறையில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் நடைமுறை விதி ஒன்று உண்டு: போய்வரும் வயரின் மொத்தத் தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம் என்பவை எல்லைகள். இதன்படி 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் வயரை எட்டரை மீற்றர் தூரம் வரை இழுக்கலாம், 1.5 என்றால் 17 மீற்றர், 2.5 என்றால் 29 மீற்றர். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தத் தூரங்கள் பாதியாகக் குறையும். ஸ்டீரியோவும் ஸ்பீக்கர்களும் ஒரே அறையில் இருக்கும் வீட்டுக்கு 1.5 தாராளம். விறாந்தைக்கோ வேறு அறைக்கோ நீட்டுவதானால், அல்லது ஸ்பீக்கர் 4 ஓம் ஆனால், 2.5 வாங்குவது நல்லது. அதற்கு மேல் தடித்த வயர் தேவைப்படும் வீடு அரிது.

எல்லையைத் தொட்டுவிட்டால் என்ன நடக்கும்? 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் 0.4 ஓம் வயர் இருந்தால் ஒலிமட்டம் 0.4 டெசிபெல் அளவுக்குக் குறையும். சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும் காது அதைக் கவனிப்பதில்லை. அம்பிளிபயரின் குமிழைச் சற்றுத் திருகினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். சிக்கல் வேறோரிடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் அது எல்லாச் சுருதிக்கும் 8 ஓம் அல்ல. ஓரிடத்தில் 6 ஓமாக இறங்கும். தாழ்சுருதியின் ஒத்ததிர்வுப் புள்ளியில் 30 ஓம் வரை ஏறும். மெல்லிய நீண்ட வயர் 1 ஓம் தடை தருமானால், 6 ஓம் உள்ள சுருதிகள் 1.3 டெசிபெல் இழக்கின்றன, 30 ஓம் உள்ளவை 0.3 டெசிபெல்தான் இழக்கின்றன. ஒலி சமமாகக் குறையாமல் அதன் நிறமே மாறிவிடுகிறது. குமிழைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. தாழ்சுருதியில் ஸ்பீக்கர் கூம்பின் அசைவை அம்பிளிபயர் அடக்கிப் பிடிக்கும் பிடியும் தளர்கிறது; மேளச் சத்தம் கட்டுக்குள் நில்லாமல் இழுபடும். தடித்த வயருக்குக் காசு கொடுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான்.

கோயில் திருவிழாவில் நூற்றுக்கணக்கான மீற்றருக்கு மெல்லிய வயரை இழுத்து மரத்துக்கு மரம் புனல் ஒலிபெருக்கி கட்டுகிறார்களே என்று கேட்கலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் போன்ற பெருவிழாக்களுக்கு வேண்டிய அந்த ஏற்பாடு வேறு முறையில் இயங்குவது. பொது ஒலிபரப்பு அம்பிளிபயர்களின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ற், 100 வோல்ற் முனைகளும் இருக்கும். தென்னாசியாவில் பரவலாகப் புழங்கும் அகுஜா அம்பிளிபயர்களில் இவற்றைக் காணலாம். 100 வோல்ற் வழியில் 100 வாற் அனுப்ப ஒரேயொரு அம்பியர் போதும். 0.75 வயரில் 200 மீற்றர் போனாலும் வோல்ற்றில் நூற்றுக்கு எட்டுப் பங்களவுதான் இழப்பு. ஒவ்வொரு புனலிலும் உள்ள சிறு மின்மாற்றி மறுமுனையில் வோல்ற்றை இறக்கிக் கொடுக்கிறது. அதே வயரில் அதே தூரத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கரை நேராக இணைத்தால் வயரின் தடை ஸ்பீக்கரின் தடையையே மிஞ்சிவிடும். பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். வீட்டுப் பெட்டிகளில் அந்த மின்மாற்றி இல்லை. எனவே திருவிழா வயரின் தடிப்பை வீட்டுக்கு அளவாக எடுப்பது பொருந்தாது.

கடையில் வயரைத் தெரிவுசெய்யும்போது வெளித்தோற்றம் ஏமாற்றும். தடித்த, ஒளி ஊடுருவும் உறைக்குள் மெல்லிய செம்பு இருக்கக்கூடும். பார்க்க வேண்டியது உறையில் அச்சிட்ட எண்களை. இலங்கையில் வீட்டு வயரிங் வயர்கள் 1/1.13, 7/0.67 என்ற முறையில் குறிக்கப்படுகின்றன. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஒவ்வோர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில். விட்டத்தை அதாலேயே பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, இழை எண்ணிக்கையாலும் பெருக்கினால் பரப்பு வரும். 7/0.67 என்றால் ஏறத்தாழ 2.5 சதுர மில்லிமீற்றர். வளையும் வயர்களில் 24/0.20 என்பது 0.75, 30/0.25 என்பது 1.5, 50/0.25 என்பது 2.5. கலண்டர் அட்டையில் ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டு எடுத்துப் போனால், கடைக்காரர் காட்டும் எந்தச் சுருளையும் அந்த இடத்திலேயே எடைபோடலாம். புதுக்குடியிருப்பிலோ முல்லைத்தீவிலோ ஸ்பீக்கர் வயர் என்ற பெயருள்ள சாமானைத் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை. ஏசிஎல், களனி போன்ற உள்நாட்டுக் கம்பனிகள் மின்வேலைக்கென்று தயாரிக்கும் இரட்டை வளைவயர், பரப்பு சரியாக இருந்தால், ஸ்பீக்கருக்கும் முற்றிலும் தகுதியானது. 7/0.67 போன்ற விறைப்பான வீட்டு வயரும் மின்சார அளவில் குறைந்ததல்ல. ஆனால் பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் முனையில் வளைந்து வளைந்து முறியும்.

உலோகம் எது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மலிவான ஸ்பீக்கர் வயர்களில் பல செம்பு முலாமிட்ட அலுமினியம். அதன் மின்கடத்துதிறன் செம்பின் மூன்றில் இரண்டு பங்கையும் எட்டுவதில்லை. 2.5 என்று அச்சிட்ட அத்தகைய வயர் 1.6 செம்புக்குத்தான் சமம். குட்டையான இணைப்புக்கு அதுவும் போதும் என்றாலும், செம்பின் விலையைக் கொடுத்து அதை வாங்கக்கூடாது. கண்டுபிடிப்பது எளிது. இழைகளைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டினால், செம்பு உள்ளேயும் சிவப்பாக இருக்கும். முலாமிட்டதில் வெளியே சிவப்பும் உள்ளே வெள்ளையும் தெரியும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. கையில் தூக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. "ஒட்சிசன் நீக்கிய செம்பு" என்ற அடைமொழிக்கு மேலதிகப் பணம் கொடுப்பதில் பயனில்லை. சாதாரண மின்வயர்ச் செம்போடு ஒப்பிட்டால் அதன் கடத்துதிறன் நூற்றில் ஒரு பங்களவுகூட உயர்வதில்லை.

விலையுயர்ந்த வயர்களின் கதை அவ்வளவு பழையதல்ல. 1970களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான வீடுகளில் ஸ்பீக்கருக்கு விளக்கு வயர்தான் பயன்பட்டது. நோயல் லீ அமெரிக்காவில் மொன்ஸ்டர் கேபிள் கம்பனியைத் தொடங்கியது 1970களின் கடைசியில். அதன் பிறகு வயர் தனிச் சந்தையானது. ஒரு சோடி வயர் ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கும் நிலை வந்தது. 1980இல் கிரைனரும் 1991இல் பிரெட் டேவிஸும் அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் சங்க ஆய்விதழில் வயர்களை அளந்து எழுதினார்கள். அளவுகளில் வித்தியாசம் உண்டு. அதைத் தடை, தூண்டல், கொள்ளளவம் என்ற பாடப்புத்தக இயல்புகளைக் கொண்டே விளக்கிவிடலாம். 2007இல், 7,000 டொலருக்கு மேல் விலையுள்ள வயரைச் சாதாரண வயரிலிருந்து கண்ணை மூடிக் கேட்டுப் பிரித்தறிபவருக்குப் பத்து லட்சம் டொலர் தருவதாக மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். அந்தப் பரிசை யாரும் பெறவில்லை. வயருக்கு ஒதுக்கும் காசைக் கூட்டுவதைவிட நல்ல ஸ்பீக்கருக்கு அதைச் சேர்ப்பது காதுக்குத் தெளிவான பலன் தரும்.

தூண்டல் குறைய வேண்டுமானால் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியிருக்க வேண்டும். ஒற்றை வயர்கள் இரண்டை அறையின் இரு பக்கத்தாலும் இழுத்துக்கொண்டு போவது தவறு. ஒட்டிய இரட்டை வயரோ முறுக்கிய சோடியோ நல்லது. இடது, வலது வயர்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதும் பரவலான நம்பிக்கை. வயரில் மின்சைகை வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. ஒரு பக்கம் 3 மீற்றரும் மறுபக்கம் 10 மீற்றரும் இருந்தால் வரும் தாமதத்துக்குள், காற்றில் ஒலி நகரும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் ஒரு பங்களவுதான். சமநீளத்துக்காக மிஞ்சிய வயரைச் சுருட்டி வைக்கத் தேவையில்லை.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் வயரை விட அதன் முனைகளே பெரிய பிரச்சினை. புதுக்குடியிருப்புக்குக் கிழக்கே நந்திக்கடலும் அதற்கப்பால் வங்கக்கடலும் இருக்கின்றன. வாடைக்காற்றுக் காலத்து ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும். உறை நீக்கிய செம்பு சில மாதங்களில் கறுத்து, பிறகு பச்சைக் களிம்பு பிடிக்கும். அழுத்துக் கிளிப்பில் செருகிய முனையில் இது தடையாக மாறிக் கரகரப்பைத் தரும். ஒரு பக்கத்து ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பேசுவதற்கும் அடிக்கடி காரணம் இதுவே. முனையை இரண்டு சென்ரிமீற்றர் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்துச் செருகினால் போதும். வயரை வாங்கும்போது ஒரு மீற்றர் கூட்டி வாங்குவதற்கு இது நல்ல காரணம். உரித்த இழைகளுக்கு ஈயம் பற்றவைப்பதோ, பனானா பிளக்கை இறுக்கிப் பொருத்துவதோ களிம்பைத் தள்ளிப்போடும். நடுவழியில் முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய மூட்டு இந்தக் காற்றில் நிலைக்காது. முழு நீளத்துக்கு ஒரே வயர் இழுக்க வேண்டும். கூரைக்குள் இழுத்தால் எலி கடிக்கும், வெயில் படும் இடத்தில் உறை வெடிக்கும். சுவரடியோடு குழாய்க்குள் கொண்டுபோவதே பாதுகாப்பு. ஆனால் 230 வோல்ற் வயர் போகும் அதே குழாய்க்குள் ஸ்பீக்கர் வயரை விடக்கூடாது. முனையில் சுவர் மின்சொக்கெற்றுக்குப் பொருந்தும் பிளக்கையும் ஒருபோதும் பூட்டக்கூடாது. பிள்ளைகள் தவறிச் செருகிவிட்டால் ஸ்பீக்கரோடு உயிருக்கும் ஆபத்து.

உரிக்கும்போது ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் மட்டும் உரித்து, இழைகளை நன்றாக முறுக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டால் அம்பிளிபயரின் வெளியீட்டுத் திரான்சிஸ்டர்கள் கருகிவிடக்கூடும். இணைப்பதற்கு முன் அம்பிளிபயரை நிறுத்துவது அதனால் கட்டாயம்.

சிவப்பு, கறுப்பு முனைகள் இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒழுங்கில் சேர வேண்டும். ஒன்று மாறினால் ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போகும். தாழ்சுருதி ஒன்றையொன்று அழித்து, பாட்டு மெலிந்து, பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல் கலைந்துபோகும். இரட்டை வயரில் ஒரு கம்பியின் உறையில் கோடோ வரியோ இருக்கும். அதை எப்போதும் சிவப்புக்கென்று வைத்துக்கொள்ளலாம். நிறமோ கோடோ இல்லாத பழைய வயரானால், அம்பிளிபயர்ப் பக்கத்து முனைகளைக் கழற்றி, 1.5 வோல்ற் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்க வேண்டும். பற்றரியின் நேர்முனை தொட்ட கம்பி ஸ்பீக்கரின் சிவப்பில் சேர்ந்திருந்தால் கூம்பு வெளியே தள்ளும்; உள்ளே போனால் கம்பிகள் மாறியிருக்கின்றன. இரண்டு ஸ்பீக்கருக்கும் இதைச் செய்து முடித்த பிறகே வயரைச் சுவரில் கிளிப் அடித்து நிறுத்துவது நல்லது.