பந்தை விட்டுக் கண் தாவுகிறது, தெரியுமா?

"பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே!" தெரு கிரிக்கெட்டில் அண்ணன்மார் சொல்லித்தரும் முதல் பாடம் இது. ஆனால் தேர்ந்த பேட்ஸ்மேன்கள் கண்ணை எடுத்துவிடுகிறார்கள், தெரியுமா?

மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரண்டு இங்கிலாந்து ஆய்வாளர்கள், மூன்று பேட்ஸ்மேன்களின் தலையில் கண்ணசைவைப் பதியும் கேமராவை மாட்டி, இயந்திரத்தை வைத்துப் பந்து வீசினார்கள். முடிவு 2000-ல் வெளியானது. பந்து கிளம்பும் கணத்தில் கண் அதன்மேல்தான் இருந்தது. அடுத்த கணமே பந்தை அம்போவென்று விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்குத் தாவிவிட்டது! பந்து வரும்முன்பே கண் அங்கே போய்க் காத்திருக்கிறது. கெட்டிக்கார ஆட்டக்காரரின் கண் சீக்கிரம் தாவியது. சுமாரானவருடையது தாமதமாகத் தாவியது.

ஏன் இந்த அவசரம்? மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து மட்டைக்கு வர அரை நொடிகூட ஆகாது. குத்திய பந்து திசை மாறினால், அதைக் கண்டு மட்டையைத் திருத்தவே சுமார் 0.2 நொடி வேண்டும். இந்த விஷயத்தில் சர்வதேச வீரரும் நம்மைப்போலத்தான் என்று 1987-லேயே காட்டியவரும் இதே மெக்லியோட்தான்!

இன்னொன்று கேளுங்கள். எதிரே வரும் பொருளின் தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. ஆனாலும் அது எப்போது வந்து மோதும் என்று கண்டுபிடித்துவிடலாம்! கண்ணில் விழும் உருவத்தின் அளவை, அது பெருகும் வேகத்தால் வகுத்தால் போதும். நொடிக்குப் பத்தில் ஒரு பங்கு பெருத்தால், மோத இன்னும் 10 நொடி. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் லீ 1976-ல் இதற்கு 'டௌ' என்று கிரேக்க எழுத்தால் பெயர் வைத்தார். உயரத்திலிருந்து கடலில் பாயும் கேனட் பறவை, நீரைத் தொடுமுன் சரியாகச் சிறகை மடக்குவதும் இந்தக் கணக்கில்தான் என்று 1981-ல் வாதிட்டார். மூளை நிஜமாகவே இப்படித்தான் வகுக்கிறதா என்ற சண்டை வேறு கதை.

வெட்டுக்கிளிக்கு 'ஸ்டார் வார்ஸ்' படம் போட்டுக்காட்டி, மோத வரும் பொருளை உணரும் அதன் நரம்பணுவின் துடிப்பைப் பதிவு செய்தவர்களும் உண்டு! சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுக்கான இக் நோபல் பரிசு 2005-ல் அவர்களுக்குக் கிடைத்தது.

1998-ல் விண்ணுக்குப் போன வீரர்கள், மேலிருந்து வரும் பந்தைப் பிடிக்கக் கொஞ்சம் முந்தியே கையைத் தயாராக்கினார்கள். பூமியில் விழும் பந்து வேகம்கூடி வரும், அங்கே ஒரே வேகத்தில் வரும். கண் நிஜத்தைப் பார்த்தது, மூளையோ பழைய ஈர்ப்புவிசையையே நம்பியது!

கடைசியாக, பைக் ஓட்டுகிறவர்களுக்கு. மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் நேரே வரும் வண்டி நெருங்குவதையே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளால் நம்பகமாக உணர முடியவில்லை என்கிறது 2011-ல் வந்த பிரிட்டன் ஆய்வு. குழந்தை உங்களைத் திரும்பிப் பார்த்தது என்பதற்காக, நீங்கள் வருவது அதற்குப் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பள்ளி வாசலில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.