அக்கம்பக்கம் என்னும் மூலதனம்

ஒரு ஊரில் ஸ்டார்ட்அப் வளர என்ன வேண்டும் என்று கேட்டால் இன்றைக்குப் பதில் மனப்பாடமாகிவிட்டது: கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம், வேகமான இணையம், ஆண்டுக்கொரு மாநாடு, மேடையேறி ஐந்து நிமிடத்தில் யோசனையை விளக்கிப் பணம் கேட்கும் போட்டி, கேட்டதைக் கொடுக்க முதலீட்டாளர். இவ்வளவும் இருந்தும் ஒன்றும் முளைக்காத ஊர்கள் உண்டு. இதில் ஒன்றுமே இல்லாத காலத்தில் புதுத் தொழில்கள் முளைத்த ஊர் கோயம்புத்தூர். அங்கே ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நடந்துவருவதைப் பார்த்தால், கட்டடமும் முதலீட்டாளரும் பிற்பாடு வந்து சேர்பவை என்பது புரியும். யோசனையைப் பொருளாகச் செய்துபார்க்கவும், தவறினால் அந்த வாரமே திருத்திப்பார்க்கவும் கைக்கெட்டும் தூரத்தில் ஆட்கள் வேண்டும். செய்த பொருளை நம்பி வாங்க முதல் வாடிக்கையாளர் ஒருவர் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் கொட்டப்படும் பணம் பெரும்பாலும் வாடகைக்கும் விளம்பரத்துக்கும்தான் போகிறது.

கோவை மழைமறைவுப் பகுதி. பருத்திக்கேற்ற கரிசல் மண் உண்டு. தண்ணீரோ ஆழக் கிணற்றில். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கிய பிறகும் நெடுங்காலம் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. நீலகிரியிலிருந்து மின்சாரம் இறங்கியது, ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆலை என்றால் பல்சக்கரம் தேயும், உருளை உடையும். மாற்று உதிரிபாகம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் உள்ளூர்ப் பட்டறைகளைத் தேடி வந்தார்கள். இன்னொரு பக்கம், மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த விவசாயிகள் மோட்டார் பம்பு கேட்டு வந்தார்கள். 1926இலேயே பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழிற்பயிற்சிக் கூடம் தொடங்கியிருந்ததால் இரும்பைத் தொட்டுப் பழகிய பையன்களும் கிடைத்தார்கள். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டாராக இன்றும் சொல்லப்படுகிறது. பாலசுந்தரத்தின் டெக்ஸ்டூல் நிறுவனம், 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு கைகோத்துத் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் என்று, பழுதுபார்த்த ஊர் இயந்திரம் செய்யும் ஊராயிற்று. இதில் கவனிக்க ஒன்று உண்டு. அரசு இங்கே எந்தத் தொழிலதிபரையும் பொறுக்கியெடுத்துப் பரிசு கொடுக்கவில்லை. பைக்காராவைக் கட்டியது, எல்லோரும் இழுத்துக்கொள்ளக் கம்பி போட்டது.

அக்கம்பக்கத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே ஒரு பொருளை வைத்துப் பார்த்துவிடலாம். பம்பின் உயிர் அதன் இம்பெல்லர், அதாவது சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச்சக்கரம். இதழின் வளைவைக் கொஞ்சம் மாற்றினால் அதே மின்சாரத்தில் கூடுதலாகத் தண்ணீர் ஏறுமா என்று ஒருவர் பார்க்க நினைக்கிறார். வரைபடத்தோடு அவர் முதலில் போகவேண்டியது பேட்டர்ன் செய்பவரிடம். மரத்திலோ அலுமினியத்திலோ அவர் செதுக்கும் மாதிரி, வரைபட அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு போலச் சுருங்கும் என்பதால் அதை முன்கூட்டியே சேர்த்துக்கொள்வார். மணல் அச்சை உடைக்காமல் மாதிரி மேலே எழும்ப எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு வேண்டும், எந்த இடத்தில் கனம் கூடினால் வார்ப்பில் ஓட்டை விழும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். வரைந்தவருக்குப் பல நேரம் தெரியாது. பிறகு ஃபவுண்டரி, லேத், செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் கடை. கடைசியாகச் சோதனைக்கூடம்: தொழிலமைப்புகளின் முயற்சியில் உருவான சிட்டார்க் போன்ற ஓர் இடத்தில் ஓடவிட்டு அளந்துபார்ப்பது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர் வட்டாரத்துக்குள்ளேயே இந்தச் சுற்று முடிந்துவிடும். முதல் இம்பெல்லர் சரிவராது, எப்போதுமே சரிவருவதில்லை. இரண்டாவதற்கு இரண்டு மாதம் ஆகிற ஊரில் அந்த மனிதர் மூன்றாவதைச் செய்யமாட்டார். ஒரு வாரத்தில் ஆகிற ஊரில் எட்டாவதையும் செய்துபார்ப்பார்.

வெட் கிரைண்டரின் கதை இதற்கு இன்னும் நல்ல சாட்சி. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். 1955இல் பி. சபாபதி மோட்டாரை வைத்து இதைத் தலைகீழாக்கினார்: குழவி நிற்க, கல் சுற்றியது. முதலில் ஹோட்டல்களுக்குப் போன இயந்திரம் மெல்ல வீட்டுக்குள் வந்தது. மாவை வழித்தெடுப்பது சிரமம் என்றதும் கல்லைச் சாய்த்துக் கொட்டும் வகையை வேறொருவர் கொண்டுவந்தார். சமையலறை சிறுத்ததும் மேடைமேல் வைக்கும் வகை வந்தது. கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து, மோட்டார் பக்கத்துத் தெருவிலிருந்து. ஒவ்வொரு படியையும் வெவ்வேறு ஆட்கள் ஏறினார்கள். ஒருவர் கண்டதை அடுத்தவர் பார்த்து, மாற்றி, மலிவாக்கினார். பின்னாளில் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்றபோது அந்த உரிமை ஒரு கம்பெனியின் பெயரில் இல்லாமல் உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரில் அமைந்தது பொருத்தம்தான்.

இப்படி ஒருவர் கண்டது அடுத்தவருக்குப் பரவுவதைத் திருட்டு என்று பார்ப்பவர்கள் உண்டு. பொருளியலாளர்கள் வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். ஒரே தொழில் ஓரிடத்தில் குவியும்போது அதன் நுட்பம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடுகிறது என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890லேயே எழுதினார். 1994இல் அன்னலீ சாக்ஸெனியன் அமெரிக்காவின் இரண்டு மின்னணுத் தொழில் வட்டாரங்களை ஒப்பிட்டார். பாஸ்டனைச் சுற்றிய 128ஆம் எண் நெடுஞ்சாலைக் கம்பெனிகளில் எல்லாமே நான்கு சுவருக்குள் நடந்தன. ஆட்களும் விசுவாசமாக ஒரே இடத்தில் இருந்தார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கிலோ ஆட்கள் கம்பெனி விட்டுக் கம்பெனி தாவினார்கள், போட்டியாளர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். எண்பதுகளில் முன்னது தேய்ந்தது, பின்னது வளர்ந்தது. வேலையை விட்டுப்போகிறவர் போட்டித் தொழில் தொடங்கக்கூடாது என்று போடும் ஒப்பந்தம் கலிபோர்னியாவில் செல்லாது. அந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே 1872இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஃபவுண்டரியில் பத்து வருடம் இருந்தவர் எதிர்ச்சாரியில் ஷெட் போட்டு உட்காருவதை முதலாளி திட்டலாம், தடுக்க முடியாது. நம் ஸ்டார்ட்அப் மேடைகளில் இந்தச் சட்டப்பிரிவைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது விந்தை.

சரி, இதெல்லாம் இரும்படிக்கும் தொழிலுக்கு. மென்பொருளுக்கு எதற்கு லேத்தும் ஃபவுண்டரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜோஹோ 2011இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, மென்பொருளை எங்கிருந்தும் எழுதலாம் என்று காட்டியது. கோவை.கோ நிறுவனம் வாடிக்கையாளர்களை வெளிநாட்டில் வைத்துக்கொண்டு, வெளி முதலீடு வாங்காமலே கோவையிலிருந்து வேலை செய்து வளர்ந்தது. ஆனால் ஒரு நிறுவனம் ஓர் ஊருக்குப் போவதும், அந்த ஊரில் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்று உருவாவதும் ஒன்றாகிவிடாது. ஜோஹோவிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. அது முளைத்தது சென்னையில். அங்கே விட்டுவந்தால் சேர வேறு வேலை உண்டு, கூட்டிக்கொள்ள ஆள் உண்டு, முன்னே நடந்து பார்த்தவரிடம் யோசனை கேட்கலாம். ஒரே ஒரு பெரிய நிறுவனம் இருக்கும் ஊரில் அதைவிட்டு வெளியே வருவது ஊரையே விட்டு வெளியேறுவதாக ஆகிவிடும். ஆகவே மென்பொருளிலும் தேவை அக்கம்பக்கம்தான். பட்டறைக்குப் பதில் அனுபவசாலிகள்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அக்கம்பக்கம் காப்பியடிக்கத்தான் கற்றுத்தருகிறது. ஒருவர் விற்றதையே பத்துப் பேர் ஐம்பது ரூபாய் குறைத்து விற்கிறார்கள். கடைசியில் குஜராத்தின் ராஜ்கோட்டும் சீனாவும் வந்து சந்தையைப் பிடித்துக்கொள்கின்றன என்பது. மறுப்பதற்கில்லை, பம்புத் தொழிலில் நடந்தது பெரும்பாலும் இதுதான். ஆனால் குறை செய்பவரிடம் மட்டுமா இருக்கிறது? விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பம்பு இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் என்றால் விவசாயி அதை ஏன் வாங்கவேண்டும்? அவருக்கு வேண்டியது குறைந்த விலை, ஏற்ற இறக்க மின்னழுத்தத்தில் காயில் கருகாத மோட்டார். கோவை அதைத் திறமையாகச் செய்துகொடுத்தது. இலவச மின்சாரம் வேண்டுமா கூடாதா என்பது தனி விவாதம்; வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அந்தத் திசையில்தான் கண்டுபிடிப்பு நகரும் என்பது இங்கே செய்தி. மின்செலவைக் கணக்குப் பார்க்கும் ஆலைகளுக்கு ஏர் கம்ப்ரஸர் விற்ற எல்ஜி எக்விப்மென்ட்ஸ், அதே ஊர் வார்ப்புகளோடும் அதே ஊர் ஆட்களோடும் வளர்ந்து 2019இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது.

மூன்றாவது குறை எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. அக்கம்பக்கம் என்பது எல்லோருக்கும் திறந்த கதவாக இருந்ததே இல்லை. வார்ப்பைக் கடனுக்குக் கொடுப்பவர் யாரை நம்பிக் கொடுக்கிறார்? உறவுக்காரர், ஊர்க்காரர், சாதிக்காரர். திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த சரத் சாரி, உழைக்கும் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்ட கடனாலும் நம்பிக்கையாலும் முதலாளிகளானதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வட்டத்துக்குள் இல்லாதவருக்கு அதே தெருவில் வேலை கிடைக்கும், கடன் கிடைக்காது. கோவையின் வெல்டிங் பட்டறையில் வேலை பழகிய அருணாசலம் முருகானந்தம் மலிவான நாப்கின் இயந்திரம் செய்தார். வெளிநாட்டில் கோடிகளில் விலைபோன இயந்திரத்தின் வேலையைச் சில பத்தாயிரங்களில் செய்யும் கருவி அது. பஞ்சுபோலத் தெரிவது பைன் மரக்கூழிலிருந்து வந்த நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு ஆண்டுகள் பிடித்தன. கருவி செய்யும் கைப்பழக்கத்தைப் பட்டறை கொடுத்தது; பொறுத்துப்பார்க்க ஆள் கிடைக்கவில்லை, ஊரின் ஏளனம்தான் கிடைத்தது. 2016இல் பத்மஸ்ரீ வந்தது. அதற்கு முன்பே சலித்து விட்டுவிட்ட முருகானந்தங்கள் எத்தனை பேரோ.

அரசுப் பணம் நுழையவேண்டிய இடம் இந்த இடைவெளிதான். தமிழக அரசின் ஸ்டார்ட்அப்-டிஎன் அமைப்பு டான்சீட் என்னும் தொடக்கநிதித் திட்டத்தில் பொதுவாக 10 லட்சம் ரூபாய் கொடுக்கிறது; பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2022-23இல் 30 கோடியில் தனி நிதி தொடங்கப்பட்டது. மாமன் மச்சான் கடன் கிடைக்காதவருக்கு மாற்று என்ற அளவில் அந்தத் தனி நிதியே இந்தத் திட்டங்களில் ஆக உருப்படியானது என்பேன். டான்சீட்டின் பத்து லட்சம், செயலி எழுதும் மூன்று பேருக்கு ஓராண்டு ஓடும். இரும்பில் செய்பவருக்கு டை என்னும் நல்ல உலோக அச்சு ஒன்றைச் செய்வதற்குள் தீர்ந்துபோகும். வன்பொருள் முயற்சிகளுக்குத் தோள்கொடுக்கும் ஃபோர்ஜ் போன்ற மையம் கோவையில் இருப்பது நல்லதே. ஆனால் மாதிரி செய்வதற்கும் ஆயிரக்கணக்கில் செய்வதற்கும் நடுவிலுள்ள பள்ளம் அப்படியே கிடக்கிறது. 2008இல் ஹேமலதா அண்ணாமலை கோவையில் தொடங்கிய ஆம்பியர் மின்வாகன நிறுவனம், ஊரே பெட்ரோல் வண்டியைத் தவிர வேறெதையும் நினைக்காத காலத்தில் தாக்குப்பிடித்தது. 2018இல் கிரீவ்ஸ் காட்டன் நிறுவனம் அதை வாங்கியது. 2021இல் பெரிய தொழிற்சாலை ராணிப்பேட்டையில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆயினும் பெருக்கும் கட்டத்துக்கான பொறுமையான பணம் உள்ளூரில் இல்லை என்பதே அதற்குப் பொருள்.

மதுரை, ஈரோடு, திருநெல்வேலி என்று ஸ்டார்ட்அப்-டிஎன்னின் வட்டார மையங்கள் வந்திருக்கின்றன. அடுத்த மையத்துக்கு அடிக்கல் நாட்டுமுன் அதிகாரிகள் இரண்டு விஷயம் விசாரிக்கலாம்: அரை நாள் தூரத்தில் மாதிரி செய்துகொடுக்கவும் சோதித்துத் தரவும் யார் இருக்கிறார்கள், முதல் நூறு பொருளை யார் வாங்குவார்கள். முதலாவது இல்லையென்றால் பைக்காரா போல எல்லோருக்கும் பொதுவாக ஒரு சோதனைக்கூடம், ஒரு கருவிக்கூடம் அமைக்கட்டும். இரண்டாவதற்கு அரசே பதில் சொல்ல முடியும்: குடிநீர் வாரியம், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், அரசு மருத்துவமனை எல்லாம் பெரிய வாடிக்கையாளர்கள். வாங்கினால் மட்டும் போதாது, பணமும் வரவேண்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாகவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. புதுத் திட்டம் அறிவிக்குமுன் அரசுத் துறைகள் அந்தப் பழைய சட்டத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கட்டும்.