கூடுதல் இரைச்சல், தெளிவான ஒலி

சன்னமான ஒரு விசில் ஒலியை இரைச்சல் மூழ்கடிக்கிறது. விசில் காதில் விழ என்ன செய்யலாம்? இரைச்சலைக் குறைக்கலாம் என்போம். இன்னும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்தாலும் விழும் என்றது 1984இல் வந்த ஓர் ஆய்வுக்கட்டுரை. எழுதியவர்கள் ஜோசஃப் ஹால், மார்க் ஹேகர்ட், மரியானோ ஃபெர்னாண்டஸ்.

அதன் விசித்திரம் புரிய 1940க்குப் போக வேண்டும். ஒரு தொனியை மறைப்பது அதன் அக்கம்பக்கத்து அதிர்வெண்களில் உள்ள இரைச்சல் மட்டுமே என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சர் அப்போது காட்டியிருந்தார். காரணம் காதின் அமைப்பு. உட்செவியில் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் வாசல் பக்கம் கீச்சொலிக்கு அதிரும், உள்முனை கனத்த ஒலிக்கு அதிரும். எனவே 1000 ஹெர்ட்ஸ் தொனிக்கு, அதைச் சுற்றிய ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸ் அகல அதிர்வெண் பட்டைதான் கணக்கு. அதற்கு வெளியே சேரும் இரைச்சலால் பாதகமும் இல்லை, சாதகமும் இல்லை என்பதே நெடுங்காலப் பாடம்.

ஹால் குழுவினர் ஏறி இறங்கும் இரைச்சலை எடுத்துக்கொண்டார்கள். எல்லா அதிர்வெண்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இரைச்சலின் அகலம் அந்தப் பட்டையைத் தாண்டியதும் தொனி கேட்பது எளிதாகத் தொடங்கியது! சுமார் 10 டெசிபெல் வரை லாபம். அதாவது பத்தில் ஒரு பங்கு ஆற்றல் உள்ள தொனியும் போதும். அண்டைப் பட்டைகள் தத்தம் போக்கில் ஏறி இறங்கினால் இந்தச் சலுகை கிடையாது.

காரணம் அழகானது. இரைச்சல் தாழும் கணத்தில்தான் தொனி தலைகாட்டுகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தைத் தொனியே நிரப்பிவிடுவதால், அந்த ஒரு பட்டையை மட்டும் கேட்டால் பள்ளம் எங்கே என்று தெரியாது. பக்கத்துப் பட்டைகள்தாம் காட்டிக்கொடுக்கின்றன. கும்மியில் எல்லார் கையும் நின்ற பிறகு ஒரு கை மட்டும் தட்டினால் தெரியாமலா போகும்? கினிப்பன்றிகளில், செவி நரம்பு மூளைத்தண்டில் சேரும் முதல் நிலையத்து நியூரான்களிலேயே இதன் தடயம் கிடைத்திருக்கிறது. ஸ்டார்லிங் பறவைகளுக்கும் இத்திறன் உண்டு. காற்றின் இரைச்சலும் கூட்டத்தின் சலசலப்பும் பல பட்டைகளில் சேர்ந்தே ஏறி இறங்குபவை என்பதால், இது ஆய்வகத்து வேடிக்கை மட்டுமல்ல.

செவித்திறன் குறைந்தவர்களிடம் இந்தத் திறனும் பெரும்பாலும் குறைந்திருக்கும். ஏறி இறங்கும் இரைச்சலில் வாக்கியங்களைக் கேட்கவைத்து 1990இல் நெதர்லாந்தின் ஃபெஸ்டனும் ப்ளோம்பும் சோதித்தார்கள். நல்ல காதுள்ளவர்கள் இடைவெளிகளில் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அந்த இடைவெளிகளால் ஏறக்குறையப் பயனே இல்லை. காக்ளியாவின் வெளி மயிர்ச்செல்கள் அழிந்தால் பட்டைகள் அகன்றுவிடும். அவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

காதுக் கருவி ஒலியைக் கூட்டித் தரும். அகன்ற பட்டையைக் குறுக்காது. “வீட்டில் நல்லாக் கேட்குது, நாலு பேர் பேசுற இடத்தில்தான் ஒண்ணும் புரியலை” என்று பெரியவர் ஒருவர் சொன்னால், கருவி பழுது என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். திறந்தவெளியில் தூரம் பாதியானாலே குரல் 6 டெசிபெல் கூடும்.