பேச விஷயம் இல்லையா? தறிக்கு மேலே பாருங்க!

ஆரணியில் ஒரு பட்டுத்தறி முன்னாடி உட்கார்ந்தா என்ன பேசுவீங்க? "சேலை என்ன விலைண்ணா?" பதில் வந்ததும் பேச்சு முடிஞ்சிடும்.

ஜக்கார்டு தறியா இருந்தா மேலே பாருங்க. ஓட்டை போட்ட அட்டைகள் தொங்கும். ஓட்டை இருந்தா பாவு நூல் மேலே எழும்பும், இல்லைன்னா எழும்பாது. நம்ம 1, 0 தானே! பிரான்சின் ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த முறை இது. சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கிட்டார்.

இது தெரிஞ்சா கேள்வி மாறும்: "ஒரு அட்டை இடம் மாறிப்போனா டிசைன் என்னாகும்ணா?" இப்போ அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.

பாடத்துக்கு வெளியேயும் கொஞ்சம் படிச்சு வைங்க. நல்ல கேள்வி அங்கிருந்துதான் வரும்.