ரத்தத்தில் குறைந்தால் உடலில் இல்லை என்று பொருளா?

கொரோனா காலத்தில் ஜிங்க் (துத்தநாக) மாத்திரையையும் வைட்டமின் மாத்திரையையும் வீடுதோறும் வாங்கி வைத்ததற்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனைச் செய்தி இருந்தது. மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் படுத்திருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவு, துத்தநாகம் குறைவு, செலினியம் குறைவு. நோய் முற்றியவர்களுக்கு இன்னும் குறைவு என்று பல நாடுகளிலிருந்து ஆய்வுகள் வந்தன. சத்து குறைந்ததால்தான் நோய் முற்றியது, கொடுத்தால் குணமாகிவிடும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன என்றே நினைக்கிறேன்.

தொற்று வந்ததும் நோயெதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும், கல்லீரல் செல்கள் ரத்தத்தில் ஓடும் துத்தநாகத்தை உள்ளே இழுத்து மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு பிணைத்து வைத்துக்கொள்கின்றன. அதே உத்தரவில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், இரும்பை ரத்தத்துக்குள் வரவிடாமல் தடுக்கிறது. கிருமிக்கும் இரும்பு வேண்டும் அல்லவா? திருடன் நடமாட்டம் தெரிந்ததும் நகையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போன்ற ஏற்பாடு இது. அதனால்தான் நோயாளியின் ஒரே ரிப்போர்ட்டில் இரும்பு இறங்கியும், இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் ஏறியும் இருக்கும். வைட்டமின் டி-யும் விலக்கல்ல. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இரண்டே நாளில் அதன் அளவு ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்ததை 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே வைரஸே கிடையாது. அறுவையால் வந்த அழற்சி மட்டும்தான். போதாததற்கு, முதுமை, உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகியவை வைட்டமின் டி குறைவோடும் சேர்ந்து வருகின்றன, கொரோனா கடுமையாவதோடும் சேர்ந்து வருகின்றன.

கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரேசிலின் சாவ் பாலோவில் 240 கொரோனா நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஒரே தடவையில் 2 லட்சம் யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். ரத்த அளவு நன்றாகவே ஏறியது. மருத்துவமனையில் இருந்த நாட்கள் குறையவில்லை. அமெரிக்காவில் 214 பேரிடம் அதிக அளவு துத்தநாகத்தையும் வைட்டமின் சி-யையும் சோதித்த ஆய்வு, பலனிருக்காது என்று தெரிந்து பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

நோய் வந்த பிறகு கொடுத்தால் எப்படிப் பலிக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நார்வேயில் 34,601 பேரை வைத்து, தொற்றுக்கு முன்பிருந்தே சிலருக்கு வைட்டமின் டி அடங்கிய காட் மீன் ஈரல் எண்ணெயும் மற்றவர்களுக்கு வெறும் எண்ணெயும் மாதக்கணக்கில் கொடுத்தபோதும் கொரோனா குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கடும் குறைபாடு உள்ளவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் தட்டம்மை. அதுவும் சுவாச வழியாகப் பரவும் வைரஸ்தான். அதிலும் ரத்தத்தில் வைட்டமின் ஏ இறங்குகிறது. ஆனால் அங்கே கொடுத்தால் உயிர் பிழைக்கிறது. கேப் டவுனில் கடும் தட்டம்மையோடு வந்த 189 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 பேர் வைட்டமின் ஏ கொடுக்கப்படாத பிரிவினர். அந்த ஆய்வு வெளியான 1990-லேயே நம் திருச்சி வட்டாரத்து ஆய்வும் வந்தது: 15,419 சிறு குழந்தைகளில், வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ பெற்றவர்களிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. திருச்சிக் குழந்தைகளுக்கு முன்பே உணவில் உண்மையான பற்றாக்குறை இருந்தது. அதைவிட முக்கியம், மருந்து பலிக்கும் என்று நமக்குச் சொன்னது ரத்த அளவு அல்ல, கொடுத்துப் பார்த்த சோதனை.

சாப்பிட்டால் கெடுதல் என்ன என்பார்கள். துத்தநாகம் மாதக்கணக்கில் மிகுந்தால் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரும். வைட்டமின் டி மிகுந்தால் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். ஆகவே காய்ச்சலோடு எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து மாத்திரை வாங்காதீர்கள். உடல் தேறி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு பழையபடி இறங்கிய பிறகு மறுபடி பரிசோதியுங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு வைத்தியம் செய்துகொள்ளுங்கள்.